அடையாறில் இருக்கும் தம்பி

நான் படித்த பள்ளிக்கூடத்தில் நிறுத்தற்குறிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. காற்புள்ளி வந்தால் ஒரு மாத்திரை நிறுத்த வேண்டும். அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. கும்பகோணத்துப் பக்கம், ஆற்றங்கரைப் பள்ளி. தமிழய்யா மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே எங்களை வாசிக்க வைப்பார். தமிழுக்கு அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. ஆங்கில வகுப்பிலும் அதையேதான் சொன்னார்கள்: மூச்சு விடுகிற இடத்தில் கமா. அண்ணன் வைத்திருந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் கமா என்றால் எல்லாவற்றிலும் குறுகிய நிறுத்தம் என்றே ஆரம்பித்தது. ஆங்கிலத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது என்று எனக்கு முதலில் சொன்னவர் வாத்தியார் இல்லை. மயிலாப்பூரில், லஸ் சர்ச் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டு முன்கட்டிலேயே ஆபீஸ் வைத்திருந்த ஒரு வக்கீல்.

அவரிடம் போய்ச் சேருவதற்கு முன்னால் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்க வேண்டியிருந்தது. 1970களின் கடைசியில் பி.யூ.சி. முடித்த பெண்ணுக்குப் பட்டணத்தில் முதலில் திறக்கிற கதவு அதுதான். அத்தை வீடு மயிலாப்பூரில் இருந்தது. தெருவுக்கு ஓர் இன்ஸ்டிடியூட், மாடிப்படிக்குக் கீழே செருப்புக் குவியல், உள்ளே பத்துப் பன்னிரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில் அடிக்கிற சத்தம். முதல் நாள் பாடம் எல்லோருக்கும் ஒன்றே: இடது கைக்கு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், வலது கைக்கு செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. ஆக, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூட அடிக்கத் தெரிவதற்கு முன்பே சுண்டுவிரலுக்கு செமிகோலன் பழகிவிடும். கமா அதற்குக் கீழ் வரிசையில், நடுவிரலுக்கு. கமாவுக்குப் பிறகு ஒரு ஸ்பேஸ், ஃபுல்ஸ்டாப்புக்குப் பிறகு இரண்டு. லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு முப்பது வார்த்தை, ஹையருக்கு நாற்பத்தைந்து. இவ்வளவையும் விரல் கற்றுக்கொண்டது. கமாவை எங்கே போடுவது என்பது மட்டும் பாடத்தில் இல்லை. எதிரே ஸ்டாண்டில் இருக்கும் தாளில் எங்கே இருக்கிறதோ அங்கே அடித்தோம்.

ஷார்ட்ஹேண்டுக்கு வந்ததும் அந்தத் தாளும் போய்விட்டது. பிட்மன் முறையில் ஃபுல்ஸ்டாப்புக்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி. கமாவை, வேகமாக எழுதும்போது, யாரும் எழுதுவதில்லை. தி. நகரில் ஸ்டெனோகிராஃபர்ஸ் கில்டு இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் என் தலைமுறை ஸ்டெனோக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்களைப் போன்றவர்கள் கூடிக் கூடிப் பயிற்சி எடுத்த காலம் அது. ஒருவர் இந்து பேப்பரின் தலையங்கத்தைக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எண்பது வார்த்தை, நூறு வார்த்தை என்று எழுதுவோம். பிறகு அதைப் பெயர்த்து டைப் அடிக்கும்போது காதில் அந்தக் குரல் இருக்காது. நோட்டில் இருப்பது கோடும் வளைவும் புள்ளியும்தான். சொன்னவர் எங்கே மூச்சு விட்டார் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? ஒரு ஸ்டெனோ கமா போடுகிறாள் என்றால், அந்த வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவள் புரிந்துகொண்டு போடுகிறாள். இதை யாரும் ஒரு திறமையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. சம்பளம் பேசும்போது ஸ்பீடு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

வக்கீல் சார் டிக்டேட் செய்யும் விதத்தில் மூச்சுக் கணக்கு சுத்தமாக உதவாது. நடந்துகொண்டே சொல்வார். ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்புகிற இடத்தில் ஓர் இடைவெளி. காபி வந்தால் ஒரு வாக்கியத்தின் நட்டநடுவில் ஐந்து நிமிஷம் நிற்கும். டம்ளரைக் கீழே வைத்ததும் விட்ட வார்த்தைக்கு அடுத்த வார்த்தையிலிருந்து தொடங்குவார். கமா, ஃபுல்ஸ்டாப் என்று வாயால் சொல்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. குமாஸ்தா டிராஃப்டை வாங்கிப் பார்த்து, ஜூனியர் பார்த்து, சார் பார்த்துத் திருத்திய பிறகு பச்சை லெட்ஜர் தாளில் ஃபேர் காப்பி அடிக்க வேண்டும். நாலு கார்பன் வைத்து அடித்த பிறகு ஒரு கமாவை எடுப்பது என்றால் ஐந்து தாளிலும் தனித்தனியாகச் சுரண்ட வேண்டும். அசல் தாளில் பிளேடு, கார்பன் பிரதிகளில் ரப்பர். அதனால் டைப் அடிப்பதற்கு முன் கேட்டுவிடுவது என் வழக்கம்.

அப்படி ஒரு நாள் கேட்டேன். சித்திரக்குளம் பக்கத்திலிருந்து ஒரு மாமி உயில் எழுத வந்திருந்தார். பிள்ளை குட்டி இல்லை, மாமாவும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பத்திரங்கள். "அடையாறுல இருக்கற என் தம்பிக்கு வீட்டை எழுதிடுங்கோ" என்றார். சார் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்: டு மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் அடையார். எழுதிவிட்டு, "சார், பிரதருக்கு அப்புறம் கமா வருமா?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்காதேம்மா. மாமியைக் கேளு, எத்தனை தம்பின்னு."

மாமி நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேர். சின்னவன் பம்பாய்ல இருக்கான். அவனுக்கு நகை கொஞ்சம் குடுக்கணும், அதைத் தனியா சொல்றேன்."

"அப்போ கமா கிடையாது" என்றார் சார்.

பிறகு மாமிக்கும் சேர்த்தே விளக்கினார். கமா இல்லாவிட்டால் 'அடையாறில் இருக்கும்' என்பது எந்தத் தம்பி என்று பிரித்துக் காட்டுகிற வேலையைச் செய்கிறது. தம்பிகள் பலர், அவர்களில் இவர். பிரதருக்குப் பின்னால் ஒரு கமா, அடையாருக்குப் பின்னால் ஒரு கமா என்று இரண்டு போட்டால், தம்பி ஒரே ஒருவர்தான், அவர் அடையாறில் இருக்கிறார் என்பது கூடுதல் சேதி. அந்தச் சேதியை உருவி எடுத்துவிட்டாலும் தம்பி யார் என்பதில் குழப்பம் வராது. மாமிக்கு இது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. "ரெண்டு புள்ளிக்குள்ள இவ்வளவு இருக்கா?" என்றார். சார் அதோடு விடவில்லை. உயிலில் கமாவை நம்பக் கூடாது என்று சொல்லி, தம்பியின் பெயர், தகப்பனார் பெயர், காந்தி நகர் விலாசம் எல்லாவற்றையும் போட வைத்தார். உயில் நடைமுறைக்கு வருகிற காலத்தில் பெரியவர் அடையாறை விட்டுப் போயிருக்கலாம், சின்னவர் பம்பாயிலிருந்து அங்கே வந்திருக்கலாம். வக்கீல் அதையும் யோசிக்க வேண்டும்.

அன்று மாமி சொன்ன தமிழ் வாக்கியத்தைப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். 'அடையாறில் இருக்கும் என் தம்பி.' இதில் தம்பி ஒருவரா இருவரா என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. நம் பெயரெச்சம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் முன்னால் வந்து நிற்கும். கேட்பவருக்குக் குடும்பம் தெரியும், அதனால் தொல்லை இல்லை. வேறு இடங்களில் நிலைமை தலைகீழ். யார் செய்தார், எதைச் செய்தார், யாருக்குச் செய்தார் என்பதை நாம் உருபு வைத்துச் சொல்லிவிடுகிறோம். எவையெவை ஒரு வரிசை என்பதை 'உம்' சொல்லிவிடுகிறது. ஒரு வினை முடிந்ததா, அடுத்ததற்குப் போகிறதா என்பதை எச்சம் சொல்லிவிடுகிறது. ஓலைச்சுவடியில் கமாவும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை, மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூடப் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். அப்படியும் பாட்டும் உரையும் நூற்றாண்டுகள் தாண்டி வந்திருக்கின்றன. அச்சு வந்து, ஐரோப்பியர் புத்தகங்களைப் பார்த்து, ஆறுமுக நாவலர் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளை நன்றாக ஊன்றினார்கள். அது வாசிப்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக. குறியை எடுத்துவிட்டாலும் பெரும்பாலான தமிழ் வாக்கியங்கள் விழாது.

ஆங்கிலம் அப்படியில்லை. அதன் சொற்களில் வால் மிகவும் குறைவு. எது எதோடு சேர்ந்தது என்பதைச் சொல் நிற்கிற இடமும் கமாவும்தான் சொல்ல வேண்டும். நமக்கு உருபும் உம்மையும் எச்சமும் செய்கிற வேலையில் ஒரு பங்கை அங்கே கமா செய்கிறது. கமா இலக்கணத்தைச் சேர்ந்தது. அதை மூச்சுப் பயிற்சியாகக் கற்றுக்கொடுத்தது நம் பள்ளிகள் நமக்குச் செய்த பெரிய குறை என்று நான் இன்றைக்கும் வருத்தத்தோடு சொல்வேன். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலம் எழுதும்போது தடுமாறுவதைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் இந்த ஒரு சேதியை யார் சொன்னார்கள்?

தடுமாறுகிற இடங்களும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் நம் நல்ல தமிழ்ப் பழக்கத்திலிருந்தே வருகின்றன. நீளமான எழுவாய் வந்தால் தமிழில் அதற்குப் பின் ஒரு காற்புள்ளி வைப்போம்: 'மாடியில் புதிதாகக் குடிவந்திருப்பவர்கள், நல்லவர்கள்.' ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே தனியாக ஒரு கமா நிற்கக் கூடாது. 'என்று' என்பதற்குப் பின் காற்புள்ளி வைத்துப் பழகிய கை, ஆங்கிலத்தில் 'தட்'டுக்குப் பக்கத்திலும் ஒன்றை வைத்துவிடும். வந்து, பார்த்து, பேசி, போனார் என்று எச்சத்தை அடுக்கி எழுதும் நமக்கு, முடிந்துபோன இரண்டு ஆங்கில வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுவது இயல்பாகத் தோன்றும். எச்சம் தாங்கும், கமா தாங்காது. அங்கே ஃபுல்ஸ்டாப் வேண்டும், அல்லது சுண்டுவிரலில் காத்திருக்கும் அந்த செமிகோலன், இல்லையென்றால் 'அண்ட்', 'பட்' போல ஓர் இணைப்புச் சொல். இந்த மூன்று தவறுகளையும் சார் ஆபீஸில் டிராஃப்ட் அடித்து அடித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜோடிக் கமாவில் ஒன்று காணாமல் போவதை மட்டும் அவர் பொறுக்கவே மாட்டார். "தெறந்த கதவைச் சாத்தணுமோ இல்லையோ?" என்பார்.

அந்தத் தெருக்களில் அப்போதும் பழைய வக்கீல்களின் பேச்சு ஓயவில்லை. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் வீடு லஸ் சர்ச் ரோட்டில்தான். அவர் மேஜையில் எப்படி டிராஃப்ட் போட்டார் என்று நேரில் பார்த்தவர்களிடம் கேட்டவர்களாக எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்கள் பேசுவார்கள். சாருக்கு அதைவிடப் பெரிய ஆதர்சம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். 1944இல் அவர் மயிலாப்பூரில் நிகழ்த்திய ராமாயணச் சொற்பொழிவுகளைப் பற்றிச் சொல்லும்போது சாரின் குரலே தாழ்ந்துவிடும். ஆனால் ஜூனியர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வேறொரு விஷயம். காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் குஜராத்தியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940இல் வந்த பதிப்பின் முன்னுரையில், ஆங்கிலத்தில் பேரறிஞரான ஒரு மதிப்புக்குரிய நண்பர் மொழிபெயர்ப்பைக் கவனமாகத் திருத்திக் கொடுத்தார் என்றும், தம் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போட்டார் என்றும் எழுதியிருக்கிறார். அந்த நண்பர் சாஸ்திரியார் என்பது பின்னால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. வரிக்கு வரி திருத்துகிற வேலையை அவ்வளவு பெரிய மனிதர் பேர் இல்லாமல் செய்தார் என்பதைக் கேட்டபோது, என் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

கமாவுக்காகச் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. 1952இல் ஒரு வழக்கில் நீதிபதி பி. கே. முகர்ஜியா, சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தற்குறி ஒரு சிறிய அம்சமே என்ற கருத்தில் எழுதினார். அப்படியிருந்தும் கமா தன் இடத்தை விடவில்லை. 1979இல் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான முகமது ஷபீர் வழக்கில், மருந்துகளைக் கையிருப்பில் வைத்திருந்தாலே குற்றமா, விற்பனைக்கென்று வைத்திருந்தால்தான் குற்றமா என்ற கேள்வி வந்தது. சட்டத்தில் 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லை என்பதைக் கோர்ட் கவனித்தது. கமா இல்லாததால் அந்தச் சொல்லும் பின்னால் வரும் 'விற்பனைக்கு' என்பதோடு சேர்ந்துவிட்டது. வெறும் கையிருப்பு குற்றமில்லை என்றாயிற்று.

என் நெஞ்சில் நின்றது 1988ஆம் வருஷத்து வழக்கு. சால்பேகர் என்ற பெயரில் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. வாடகை வீட்டு விவகாரம் என்பதால் தி. நகர், மயிலாப்பூர் கட்சிக்காரர்கள் யாருக்கும் உடனே புரியும். மத்திய மாகாணம் மற்றும் பேரார் பகுதிக்கான 1949ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையில், குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களில் ஒன்று இப்படி ஓடுகிறது: அவர் வேறு இடம் பிடித்துவிட்டார், கமா, அல்லது தொடர்ந்து நான்கு மாதம் ஊரைவிட்டுப் போய்விட்டார் மற்றும் அவருக்கு இந்த வீடு நியாயமாகத் தேவைப்படவில்லை. கடைசியில் வரும் 'தேவைப்படவில்லை' என்ற நிபந்தனை யாருக்கு? இரண்டு பேருக்குமா, ஊரைவிட்டுப் போனவருக்கு மட்டுமா? சார் அந்தத் தொகுதியை மேஜையில் விரித்து, கமாவின் மேல் பென்சில் முனையை வைத்தார். முதல் காரணத்துக்குப் பின்னால் கமா விழுந்து அதைத் தனியாக நிறுத்திவிட்டது. ஊரைவிட்டுப் போனதற்கும் தேவையில்லை என்பதற்கும் நடுவில் கமா இல்லை, அவை ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே வேறு இடம் பிடித்துவிட்ட குடித்தனக்காரர், எனக்கு இந்த வீடும் தேவைதான் என்று சொல்லித் தப்ப முடியாது என்று கோர்ட் முடிவு செய்தது. ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்வதும் இருப்பதும் அந்தப் பென்சில் முனை தொட்ட இடத்தில் இருந்தது. நான் அன்றிலிருந்து எந்தப் பத்திரத்தையும் வேறு கண்ணோடுதான் அடித்தேன்.

சார் காலமான பிறகு அடையாறுப் பக்கம் ஆங்கிலப் புத்தகங்களுக்கு புரூஃப் பார்க்கும் வேலைக்குப் போனேன். அதே காலத்தில்தான் சென்னையில் டைப்செட்டிங் கம்பெனிகள் பெருகின. வெளிநாட்டு அறிவியல் சஞ்சிகைகளின் கட்டுரைகள் இங்கே வந்து, நம்மூர்ப் பிள்ளைகள் கையால் திருத்தப்பட்டு, பக்கம் கட்டப்பட்டுத் திரும்பிப் போகின்றன. அங்கே நான் சந்தித்த புதுத் தகராறு, பட்டியலின் கடைசியில் 'அண்ட்'டுக்கு முன் வருகிற கமா. ஆக்ஸ்ஃபோர்டு கமா என்று பெயர். ரென் அண்ட் மார்ட்டினில் வளர்ந்த எங்களுக்கு அது உறுத்தும். அமெரிக்கப் பதிப்பகங்கள் அது இல்லாமல் விடாது. இங்கிலாந்திலும் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் போடச் சொல்லும், பெரும்பாலான பத்திரிகைகள் போடுவதில்லை. என் அபிப்பிராயம் இதில் தெளிவு: கதை, கட்டுரையில் எப்படியும் இருக்கட்டும், சட்டம் சார்ந்த எழுத்தில் அதைப் போட்டுவிட வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அதற்கு 2017இல் சாட்சி கிடைத்தது. ஓவர்டைம் கூலி கிடைக்காத வேலைகளை அடுக்கிய சட்டத்தில், கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. ஷிப்மென்ட்டுக்குப் பின் கமா இல்லை. பால் கம்பெனியின் லாரி ஓட்டுநர்கள், நாங்கள் விநியோகம் செய்கிறோம், விநியோகத்துக்காக பேக் செய்வதில்லையே என்று வாதாடினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த வருஷம் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மெய்ன் சட்டசபை அந்தப் பட்டியலில் கமாக்களை எடுத்துவிட்டு செமிகோலன்களை வைத்து மாற்றி எழுதிற்று.

இப்போது தி. நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில், ஒரு மாடிக் கூடத்தில் சனி, ஞாயிறுகளில் வகுப்பெடுக்கிறேன். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள், காப்பி எடிட்டிங் வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேருக்கு மேல் தமிழ் வழியில் படித்தவர்கள். மூச்சு என்ற சொல்லையே வகுப்பில் எடுப்பதில்லை. ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து, முதலில் தமிழில் எழுதச் சொல்வேன். உருபும் எச்சமும் 'உம்'மும் எங்கே வந்து உட்காருகின்றன என்று பார்த்தால், ஆங்கிலத்தில் எந்தெந்த இடத்தில் கமா யோசிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

போன மாதம் மெய்ன் சட்டத்தைக் கொடுத்தேன். செய்யாறு பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் போர்டுக்கு வந்து இரண்டு வரி எழுதினாள். முதல் வரி: 'அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பேக் செய்தல்.' இரண்டாவது: 'அனுப்புவதற்காக பேக் செய்தலும் விநியோகித்தலும்.' எழுதிவிட்டு, "தமிழ்ல இது ரெண்டு வேற வாக்கியம் மிஸ். ஒண்ணை இன்னொண்ணா படிக்கவே முடியாது" என்றாள். அவற்றை அழிக்க வேண்டாம் என்று சொல்லி, கீழே ஆங்கில வரியை எழுதி, இரண்டாவது தமிழ் வரிக்கு ஏற்ற மாதிரி கமா போடு என்றேன். ஷிப்மென்ட்டுக்குப் பின்னால் ஒன்று போட்டாள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அது சரியா?" என்று கேட்டான். அவள் என்னைப் பார்க்காமல் அவனுக்கே பதில் சொன்னாள்: "சரிதான். ஆனா இது இருந்திருந்தா டிரைவருங்களுக்கு ஓவர்டைம் காசு கிடைச்சிருக்காது."